தலைகீழாகத் தொங்கிய ரூட்டர்

2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்தில் இடுக்கி மலைத் தோட்டங்கள் பல அழிந்திருந்தன. காய் வரத்து குறைவு, கிராக்கி அதிகம். செடி தப்பிய தோட்டக்காரர்களின் கையில் நெடுநாளைக்குப் பிறகு காசு நின்றது. அந்தக் காசில் ஒரு பங்கு மலையிறங்கி, போடிநாயக்கனூரில் அப்பாவும் மகனுமாக நடத்துகிற ஒரு தச்சுப் பட்டறைக்கும் வந்து சேர்ந்தது. ஸ்டோரைப் புதுப்பிக்க நினைத்தவர்கள் அங்கே கேட்டது காய் உலர்த்தும் தட்டுகள். ஒன்றிரண்டல்ல, நூற்றுக்கணக்கில்.

ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். பறித்து வரும் பச்சைக் காயில் ஈரம் 80 சதவீதம் வரை இருக்கும். 45 முதல் 55 டிகிரிச் சூட்டில், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க வைத்து, அதைப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு இறக்க வேண்டும். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காய்க்கு ஏலத்தில் மதிப்பில்லை. அடுப்பிலிருந்து இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சூடு பரவும். அடுக்கடுக்கான தட்டுகளில் காய் கிடந்து உலரும்.

தட்டு என்பது நாலு சட்டம், நடுவில் கம்பி வலை. அவ்வளவு எளிய பொருள்தான். ஆனால் அது படுகிற பாடு வீட்டிலிருக்கும் எந்த மரச்சாமானும் படாதது. காய் எடுப்புக் காலத்தில் நாள் தவறாமல் ஐம்பது டிகிரியில் காய்கிறது. எடுப்பு முடிந்ததும் மலை மூடுபனியில் மாதக்கணக்கில் ஈரம் குடித்துக் கிடக்கிறது. மரம் நீளவாக்கில் அசைவதே இல்லை எனலாம். அகலவாக்கில் ஒவ்வொரு தடவையும் சுருங்கி விரியும். வலையை ஆணியடித்துப் பொருத்திய பழைய தட்டுகளில் முதலில் ஆணி துருப்பிடித்தது, பிறகு தளர்ந்தது, கடைசியில் வலை தொங்கிவிட்டது. பட்டறைக்கு மாதிரிக்காக வந்த தட்டுகள் எல்லாமே அந்தக் கோலத்தில்தான் இருந்தன.

மகன் வேறு விதமாகத் திட்டம் போட்டார். சட்டத்தில் இரண்டு நூல் அகலத்தில், அதாவது கால் அங்குலத்தில், ஒரு காடி எடுப்பது. வலையின் விளிம்பை மடித்து அதற்குள் இறக்குவது. மேலே மெல்லிய ரீப்பரைத் தட்டி இறுக்குவது. ஆணியே வேண்டாம். வலை கிழிந்தால் ரீப்பரை நெம்பி எடுத்து வேறு வலை போட்டுக்கொள்ளலாம். சட்டத்தின் வெளி விளிம்புகளை உருட்டிவிட வேண்டும் என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். தட்டைத் தூக்கி இறக்குகிறவர்கள் நாள் முழுக்க அதைக் கையில் பிடிக்கிறவர்கள். அறுத்த மரத்தின் கூர் விளிம்பு விரலில் சிலாம்பு ஏற்றும். வார்னிஷ், பெயின்ட் எதுவும் பூசக் கூடாது. சூட்டில் அதன் வாடை காயில் ஏறிவிடும். ஆகவே வழவழப்பு முழுவதும் மரவேலையிலேயே வந்தாக வேண்டும்.

பெரியவரிடம் காடி இழைப்புளி ஒன்று உண்டு. அதில் அவர் எடுக்கும் காடியை விரலால் தடவினால் ஒரு பிசிறு தட்டாது. ஆனால் ஒரு தட்டுக்கு நாலு சட்டம். சட்டத்துக்கு ஒரு காடி, உருட்ட வேண்டிய விளிம்புகள் வேறு. மரமோ தோட்டங்களில் நிழலுக்கு வளர்த்து வெட்டிய சில்வர் ஓக். எடை குறைவு, விலை குறைவு, அறுத்த பலகையில் அழகான வெள்ளிப் புள்ளிகள் தெரியும். ஆனால் அந்தப் புள்ளிகள் இருக்கும் இடத்தில் இழைப்புளி கொஞ்சம் மாறிப் போனாலும் மரம் பெயர்ந்து வரும். கையால் செய்து கொடுத்தால் அடுத்த பருவத்துக்குத்தான் தட்டு போய்ச் சேரும் என்பது பெரியவருக்கே தெரிந்திருந்தது.

மெஷின் வாங்குவதுதான் வழி. அப்போது போடிக்கு ரயில் கிடையாது. 1928-இல் வந்த மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதை வேலைக்காக 2010 முடிவில் மூடப்பட்டு, மறுபடி ரயில் வந்து சேர 2023 ஜூன் ஆகிவிட்டது. மரத்தில் காடி எடுக்கவும் விளிம்பு உருட்டவும் பயன்படும் ரூட்டர் என்ற மின் கருவியை மதுரையில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டுதான் மகன் ஊருக்கு வந்தார். அதில் சுழலும் கத்திக்குப் பிட் என்று பெயர். 12 மில்லிமீட்டர் தண்டுள்ள பிட்டைப் பிடிக்கும் பெரிய மெஷின். எடை ஆறு கிலோ பக்கம். நிமிடத்துக்கு 22,000 சுற்றுக்கு மேல் ஓடும். கதவில் பூ வேலை செய்யவும், அலமாரிப் பலகையின் விளிம்பை உருட்டவும் அதைப் போல வேறில்லை.

தட்டுச் சட்டத்தில் அது சரிப்படவில்லை. சட்டத்தின் அகலம் ஒன்றரை அங்குலம். ரூட்டரின் அடித்தட்டோ ஒரு சாண் அகலம். குறுகிய சட்டத்தின் மேல் மெஷின் இரு பக்கமும் ஆடியது. இரண்டு பக்கமும் துணைக்கட்டை வைத்து, சி கிளாம்ப் போட்டு, ஓட்டி, கழற்றி, அடுத்த சட்டத்தை வைத்து… காடி எடுக்கிற நேரத்தைவிடக் கிளாம்ப் போடுகிற நேரம் அதிகமானது. பெரிய பொருளின் மேல் மெஷினை நகர்த்தலாம். சிறிய பொருளாக இருந்தால் மெஷின் ஓரிடத்தில் நிற்க வேண்டும், பொருள்தான் நகர வேண்டும்.

“கவுத்து மேசைக்கு அடியில தொங்கவிட்டா என்னப்பா?”

பெரியவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கவுத்தா கத்தி மேல பாத்து நிக்கும். நம்ம கை எங்க நிக்கும்னு மொதல்ல சொல்லு. அப்புறம் மேசை செய்யலாம்.”

இந்த யோசனை போடியில் பிறந்ததல்ல. கையில் பிடிக்கும் மின் ரூட்டரை முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஆர்.எல். கார்ட்டர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1929-இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கிக்கொண்டது. மேசைக்கு மேலே கத்தி எட்டிப் பார்க்க, மரத்தைத் தள்ளி அலங்கார விளிம்பு எடுக்கும் ஸ்பின்டில் மோல்டர் அதற்கும் முன்பே பெரிய மரத் தொழிற்சாலைகளில் இருந்தது. கை ரூட்டரைக் கவிழ்த்துப் போட்டால் ஏழையின் ஸ்பின்டில் மோல்டர் கிடைத்துவிடுகிறது. அதனால்தான் உலகெங்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் இந்த மேசையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வெளிநாட்டுத் தயார் மேசையும் வாங்கக் கிடைத்தது. அதன் விலை மெஷின் விலையைத் தாண்டியதால் அந்தப் பேச்சு அன்றே முடிந்தது.

மேல்பலகையில்தான் முதல் கவனம் போனது. ரூட்டர் மேசையின் மேல்பலகை நடுவில் தொய்யக் கூடாது. ஆறு கிலோ எடை இரவு பகலாக அதில் தொங்கப் போகிறது. நடுப்பகுதி மயிரிழை தொய்ந்தாலும் நீளச் சட்டம் பிட்டுக்கு மேலே பாலமாக நின்றுவிடும். காடியின் ஆழம் இரு முனையில் ஒன்றும் நடுவில் ஒன்றுமாகப் போகும். சமையலறை அலமாரி வேலையில் மிஞ்சிய 19 மில்லிமீட்டர் 710 ரகப் பிளைவுட் துண்டுகள் இரண்டை ஃபெவிகால் போட்டு ஒன்றாக ஒட்டி, சிமென்ட் மூட்டைகளைப் பாரம் ஏற்றி வைத்தார்கள். பிறகு மேலே மட்டும் சன்மைக்கா ஒட்டினால் போதும் என்று வேலைக்கு இருந்த பையன் நினைத்தான். பெரியவர் கீழ்ப்பக்கமும் ஒட்டச் சொன்னார். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்திருந்தால் திறந்த பக்கம் மட்டும் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும். பலகை அப்பளம் போல வளைந்துவிடும். கதவுப் பலகையில் அறுபது வயது வரை அவர் பார்த்துப் பழகிய உண்மை அது. மெஷின் புதிது, மரம் பழையதுதான்.

சமமாக இருக்கிறதா என்று பார்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். ரசமட்டத்தை அவர் எடுக்கவே இல்லை. மேசை தரைமட்டத்தில் நிற்கிறதா என்பது இங்கே முக்கியமில்லை, முறுக்கில்லாமல் இருக்கிறதா என்பதே கேள்வி. மூலைக்கு மூலை நூல் பிடித்தார். இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அடுத்து, நேராக இழைத்த இரண்டு குச்சிகளை மேசையின் இரு முனையிலும் குறுக்கே வைத்துவிட்டு, குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்குச்சியின் விளிம்பும் பின்குச்சியின் விளிம்பும் ஒரே கோட்டில் படிகின்றனவா என்று பார்த்தார். அரை நூல் முறுக்கைக்கூட அந்தப் பார்வை காட்டிக்கொடுத்துவிடும்.

கால்களுக்கு மலையில் இடித்த பழைய ஸ்டோரின் ஆஞ்சிலி உத்திரம் கிடைத்தது. பல ஆண்டுகளாகச் சூட்டிலும் புகையிலும் காய்ந்த மரம். இனி அது சுருங்க என்ன இருக்கிறது? துளையும் கழுந்துமாகப் பெரியவரே கையால் இணைத்தார். போல்ட் போடலாம் என்று மகன் சொன்னதை அவர் ஏற்கவில்லை. அதிர்வில் நட்டு தளரும், கழுந்து தளராது என்பது அவர் கட்சி. அந்தக் கட்டில் இன்றுவரை ஒரு கிறீச்சொலி கிடையாது.

நடுவில் ரூட்டரைத் தாங்க ஆறு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, லேத் பட்டறையில் சதுரமாக வெட்டி வாங்கியது. தகடு உட்கார மேசையில் ஒரு பள்ளம். பள்ளத்தின் நாலு மூலையிலும் கீழிருந்து ஏறி இறங்கும் ஸ்க்ரூக்கள். அவற்றைத் திருகித் தகடும் மேசையும் ஒரே மட்டமாக வரும்படி சரி செய்யலாம். இதில் சின்ன வித்தியாசம்கூடப் பெரிய தொல்லை. மரம் தகட்டைக் கடந்து மேசைக்கு ஏறுகிற இடத்தில் மேசை உயர்ந்திருந்தால் முனை இடித்து நின்றுவிடும். நின்ற கணத்தில் பிட் அந்த இடத்தைக் கருக்கிவிடும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டக் கூடாது என்பதே அளவுகோல்.

உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடுதான் இந்த மேசையின் சிறந்த பகுதி. இந்த வகை ரூட்டரில் மேலும் கீழும் அழுத்த ஸ்பிரிங் இருக்கும். கவிழ்த்ததும் ஸ்பிரிங்கும் எடையும் சேர்ந்து மெஷினைக் கீழே தள்ளும். மகன் ஸ்பிரிங்குகளைக் கழற்றினார். மெஷினின் தலைக்கு அடியில் பழைய கார் ஜாக்கி ஒன்றை வைத்தார், கத்தரி போல மடங்கி விரிகிற ரகம். போடியிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகத் தோட்ட வேலைக்கு ஆட்கள் மலையேறுகிற ஊர் இது. வண்டி வேலை செய்யும் ஒர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை, ஜாக்கிக்கும் பஞ்சமில்லை.

கத்தரி ஜாக்கிக்கு ஒரு குணம் உண்டு. நன்றாக மடங்கிக் கிடக்கும்போது ஒரு சுற்றுத் திருகினால் சட்டென்று உயரும். விரிய விரிய, அதே ஒரு சுற்றுக்கு மிகக் கொஞ்சமே உயரும். காருக்கு அது பெரிய விஷயமில்லை. அரை மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற காடிக்கு அதுவே வரம். ஆகவே அவர் ஜாக்கியை நேரே அடிச்சட்டத்தில் வைக்கவில்லை. ரூட்டருக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஜாக்கி முக்கால்வாசி விரிந்த நிலையில் தொடங்கும்படி இடம் அமைத்தார். கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பினால் பிட் கண்ணுக்குத் தெரியாத அளவு மேலே வரும். வெளியே விலை கொடுத்து வாங்குகிற லிஃப்ட் செய்கிற வேலையை, காயலான் கடைக்குப் போக இருந்த ஒரு பொருள் அப்படியே செய்தது.

ஃபென்ஸில்தான் அப்பாவுக்கும் மகனுக்கும் வாக்குவாதம். மரம் சாய்ந்து நகர்வதற்கான நீளக் கட்டை அது. மகன் அதன் ஒரு முனையை போல்ட்டில் மாட்டி, மறுமுனையைக் கிளாம்ப்பில் மட்டும் பிடித்தார்.

“ஒரு முனைய அவுத்துவிட்டா எப்படிடா மூலைமட்டம் நிக்கும்? அறுவை மெஷின்ல இப்படி வச்சா கட்டை சிக்கித் தெறிச்சு வந்துரும்.”

அறுவை மெஷினைப் பொறுத்தவரை பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. வட்ட ரம்பம் ஒரு தகடு. அதற்கு இணையாக ஃபென்ஸ் இல்லாவிட்டால் ஆபத்து. மகன் தரையில் சாக்பீஸால் ஒரு சின்ன வட்டம் வரைந்தார். அதன் பக்கத்தில் அளவுகோலை வெவ்வேறு சாய்வில் வைத்துக் காட்டினார். பிட் வட்டமாகச் சுற்றுகிறது. ஃபென்ஸ் எந்தச் சாய்வில் நின்றாலும், வட்டத்தின் மையத்துக்கும் அதற்கும் உள்ள தூரம் மட்டுமே காடியின் இடத்தைத் தீர்மானிக்கிறது. அதைவிட ஒரு லாபம்: பிட் நடுவில் இருப்பதால் அவிழ்ந்த முனையை ஒரு நூல் நகர்த்தினால் பிட்டுக்கு அருகில் அரை நூல்தான் நகரும். கை செய்யும் தவறு அங்கே பாதியாகிவிடுகிறது. பெரியவர் சாக்பீஸை வாங்கித் தானும் ஒருமுறை வரைந்து பார்த்தார். பிறகு ஃபென்ஸுக்கான கட்டையைத் தானே இழைக்க உட்கார்ந்தார். இழைத்து முடித்து, ஒரு பலகையில் அதை வைத்துக் கோடு கிழித்து, கட்டையைத் திருப்பிப் போட்டு அதே இரு புள்ளிகளுக்கு இடையே மறுகோடு கிழித்தார். இரண்டு கோடும் ஒன்றாகப் படியும் வரை இழைப்புளியைக் கீழே வைக்கவில்லை.

கை எங்கே நிற்கும் என்ற அவருடைய முதல் கேள்விக்கு மகன் விடை வைத்திருந்தார். கையில் பிடிக்கும்போது பிட் வலஞ்சுழியாகச் சுற்றும். கவிழ்த்ததும் மேலிருந்து பார்க்க இடஞ்சுழி. ஆகவே மேசைக்கு முன்னால் நிற்பவர் மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். பிட் அதை எதிர்க்கும், அதே நேரத்தில் மரத்தை ஃபென்ஸோடு அணைத்துப் பிடிக்கும். இடமிருந்து வலமாகத் தள்ளினாலோ, பிட் மரத்தைக் கவ்வி இழுத்து வீசிவிடும். பின்னாலேயே கையும் போகும். பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவில் மரத்தை நுழைப்பது அதைவிட மோசம். ஃபென்ஸில் இடதுபக்கம் நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி வரைந்தார்கள். சட்டத்தைத் தள்ள கைப்பிடி வைத்த கட்டை ஒன்றும், மேலிருந்து அமுக்க சீப்பு மாதிரி அறுத்த ஒரு பலகையும் செய்தார்கள். சுவிட்சை மேசைக்கு முன்பக்கம், முழங்காலால் தட்டி நிறுத்தும் உயரத்தில் பொருத்தினார்கள். அவசரத்தில் மேசைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுகிற நிலை வரவே கூடாது.

வேகத்தைப் பற்றியும் பையனுக்குப் பாடம் நடந்தது. ஆறு மில்லிமீட்டர் பிட் 22,000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 25 கிலோமீட்டர்தான் போகும். அதே சுற்றில் ஐம்பது மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால் விளிம்பின் வேகம் 200 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். பெரிய பிட்டுக்குச் சுற்றைப் பாதியாகக் குறைத்தே ஆக வேண்டும். தட்டு வேலைக்குப் பெரிய பிட் தேவைப்படவில்லை. ஆனாலும் இதைத் தெரியாதவர் அந்த மேசைக்கு முன் நிற்கக் கூடாது என்று மகன் கண்டிப்பாக இருந்தார்.

சில்வர் ஓக்கில் காடி ஒரே ஓட்டத்தில் எடுக்கவில்லை. முதல் ஓட்டத்தில் பாதி ஆழம், ஜாக்கியைத் திருகி இரண்டாவது ஓட்டத்தில் மீதி. வெள்ளிப் புள்ளிகள் பெயரவில்லை. பெரியவர் சட்டங்களை அறுத்துக் கொடுக்க, மகன் ஓட்ட, பையன் மறுபக்கம் வாங்கி அடுக்கினான். முன்பு ஒரு நாளில் முடிந்த எண்ணிக்கை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அடுக்கில் ஏறியது. அதைவிட முக்கியம், முதல் சட்டத்தின் ரீப்பர் கடைசிச் சட்டத்தின் காடியிலும் அதே இறுக்கத்தில் உட்கார்ந்தது. தோட்டத்தில் வலை மாற்றுகிறவர் எந்த ரீப்பரையும் எந்தத் தட்டிலும் போடலாம். கைவேலையில் எவ்வளவு தேர்ந்தவராலும் தர முடியாத வசதி அது. பெரியவர் இதைத் தன் வாயாலேயே சொன்னார். சொல்வதில் அவருக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

ஒரே ஒரு குறை இருந்தது: தூசி. ரூட்டர் எறிகிற மரத்தூள் மிக நுண்ணியது. ஓட்டுகிறவர் முகத்துக்கு நேரே வரும். மரத்தூசியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்கையும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளையும் அது தாக்கும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு வேலை செய்வதே இன்றும் வழக்கம். அந்தத் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. மகன் ஃபென்ஸின் பின்பக்கம் ஒரு பெட்டி அடித்து, பிவிசி குழாய் வழியாக அதை உறிஞ்சும் மெஷினோடு இணைத்தார். முகக்கவசம், கண்ணாடி இல்லாமல் சுவிட்ச் போடக் கூடாது என்பது பட்டறைச் சட்டமானது. மரவேலை கற்கும் எந்தப் பையனுக்கும் உளி பிடிப்பதற்கு முன் இதைச் சொல்லித் தர வேண்டும்.

தட்டுகள் லாரியில் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டி, போடிமெட்டு வழியாக மலைக்குப் போயின. ஏலக்காய் விலை பிறகு இறங்கியது, தட்டு ஆர்டரும் குறைந்தது. மேசை சும்மா நிற்கவில்லை. ஜன்னல் சட்டத்துக்குக் காடி, தொட்டில் கம்பிக்கு உருட்டு, சாமி படச் சட்டத்துக்கு அலங்கார விளிம்பு என்று வேலை அதைத் தேடி வந்தது. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அளவெடுத்துக்கொண்டு போனார்கள். பெரியவர் யாருக்கும் மறுக்கவில்லை. அளவை வாங்கிப் போகிறவரிடம், கீழ்ப்பக்கமும் சன்மைக்கா ஒட்டும்படி மட்டும் சொல்லி அனுப்புவார்.

உத்தமபாளையத்துப் பட்டறை ஒன்றுக்கு மகனே ஒரு மேசை செய்து கொடுத்தார். அதில் அலுமினியத் தகடு எட்டு மில்லிமீட்டர். ஜாக்கியின் கைப்பிடி மேசைக்கு வெளியே நீண்டிருக்கிறது, குனிய வேண்டியதில்லை. ஃபென்ஸுக்கு நடுவில் பிளந்து நகர்த்தும் இரண்டு முகங்கள். பெரிய பிட்டுக்கு விலக்கவும் சின்ன பிட்டுக்கு நெருக்கவும் முடியும். சுவிட்ச் அதே முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. கால்களை இரும்பு ஆங்கிளில் வெல்டிங் செய்துகொள்ளலாம் என்று அந்தப் பட்டறைக்காரர் கேட்டார். பெரியவர் கடைசியில் சம்மதித்தார், ஆனால் மேல்பலகையைத் தாங்கும் சட்டம் மட்டும் மரத்தில் கழுந்து போட்டதாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.